முறைமன்றத்தில் முதுகு வளைவதா பணிவு?

பாண்டியன் அவைக்களத்தில் கண்ணகி வழக்குரைத்த செய்தியைத் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளிப் பருவத்திலேயே படித்துவிடுகின்றனர். தேர்வில் பத்து மதிப்பெண் வினாவாக வந்தால் பக்கம் பக்கமாக எழுதியும் விடுகின்றனர். ஆனால், மன்றத்தில் ஒருவர் எவ்வாறு நிற்றல் வேண்டும், எவ்வாறு பேசுதல் வேண்டும் என்பதைக் கற்பிக்கும் ஒழுக்க நூலாக அக்காதையை எவரேனும் படித்ததுண்டா?

கண்ணகி அரண்மனைக்குள் முறையின்றிப் புகுந்துவிடவில்லை. வாயிற்காவலனிடம் தன் வரவை அறிவிக்கச் சொன்னாள். அரசன் இசைவு தந்த பின்னரே அவையேறினாள். யார் என்று வினவப்பெற்றபோது, ஊரையும் கணவன் பெயரையும் தன் பெயரையும் தெளிவாகச் சொன்னாள். ஆராயாது தீர்ப்பளித்த அரசனை ஆராயாதவன் என்றே விளித்தாள். அதே வேளையில் வசைமொழி ஒன்றும் பெய்யவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்ற ஒரே சான்றை எடுத்துரைத்தாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசனும் ஒளிக்காது சொன்னான். சிலம்பு உடைந்தது, உண்மை தெறித்தது. ‘மன்றத்தை இழித்துரைத்தாள்’ என்று அவளைச் சிறையிட எவரும் எண்ணவில்லை. குற்றம் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டு உயிர்விட்டான் அவன்.

அந்த மன்றத்தில் இருந்த ஒன்றும், இன்றைய மன்றத்தில் இல்லாத ஒன்றும் எவை? முன்னது, வழக்காடியவளும் தீர்ப்பளித்தவனும் ஒரே மொழியில் பேசிக்கொண்டமை. பின்னதும் அதுவே! வள்ளுவப் பெருந்தகை அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அவையை அறிவதும் வேண்டும். அவைக்கு அஞ்சாமையும் வேண்டும். இன்றைய தமிழனுக்கோ அவை இன்னதென்று அறியும் வாய்ப்பும் இல்லை, அஞ்சாமையும் இல்லை.

துண்டு இறங்கிய தோள்

ஓர் உழவர் வரப்புத் தகராறு ஒன்றில் சான்று சொல்ல வருகின்றார் என்று கொள்க. வழக்குமன்றத்தின் வாயிலிலேயே செருப்பைக் கழற்றிவிடுகின்றார். தோளில் கிடந்த துண்டை இறக்கி இடுப்பில் கட்டிக்கொள்கின்றார். டவாலி மும்முறை பெயர் சொல்லிக் கூவியதும் ஓடோடிச் சென்று கூண்டில் ஏறிக் கைகட்டிக் குனிந்து நிற்கின்றார். எந்தச் சட்டம் அவரை இவ்வாறு செய்யச் சொன்னது? எந்தச் சட்டமும் சொல்லவில்லை! பண்ணையார் வீட்டுத் திண்ணைக்கு முன் அவர் பாட்டன் நின்ற நிலை அது. ஆண்டையின் முன் பழகிய முதுகு, நடுவரின் முன்னும் தானாகவே வளைகின்றது.

அவருக்காக வாதாடும் வழக்கறிஞரைப் பார்ப்போம் என்றால், அங்கே வளைவு வேறு வகையினது. கறுப்பு அங்கியும் கழுத்துப் பட்டையும் அணிந்த கற்றவர், ‘மை லார்டு’, ‘யுவர் லார்ட்சிப்’ என்று மூச்சுக்கு மூச்சு அழைக்கின்றார். ‘என் ஆண்டையே’ என்பதன்றி அதற்கு வேறு பொருள் என்ன? உழவர் உடம்பால் சொன்னதைத்தான் வழக்கறிஞர் வாயால் சொல்கின்றார். படித்தவனின் அடிமைத்தனம் ஆங்கிலத்தில் இருப்பதால் அது பண்பாடு என்று பெயர் பெறுகின்றது. படியாதவனின் அடிமைத்தனம் துண்டில் இருப்பதால் அது நாட்டுப்புறத் தன்மை எனப்படுகின்றது. வேறுபாடு அவ்வளவே.

இதற்குச் சட்டத்தின் பெயரால் எவரும் முட்டுக்கொடுக்கவும் இயலாது. இந்திய வழக்கறிஞர் கழகம் (பார் கவுன்சில்) 2006ஆம் ஆண்டிலேயே தன் நெறிமுறைகளில் இதனை மாற்றிவிட்டது. ‘மை லார்டு’, ‘யுவர் லார்ட்சிப்’ என்பன அயலாட்சிக் காலத்தின் எச்சங்கள் என்று அந்நெறிமுறை வெளிப்படையாகவே கூறுகின்றது. உச்ச முறைமன்றத்திலும் உயர் முறைமன்றங்களிலும் ‘யுவர் ஆனர்’ என்றோ மாண்புமிகு மன்றம் என்றோ சொன்னால் போதும் என்றது அந்த 2006ஆம் ஆண்டு நெறிமுறை. கீழ்மன்றங்களிலோ ‘சார்’ என்னும் சொல், அல்லது அந்தந்த நாட்டு மொழியில் அதற்கு நிகரான சொல் போதும் என்பது நெறிமுறை. தமிழில் அதற்கு நிகரான சொல் எது? ஐயா! பெண் நடுவராயின் அம்மா! இருபது ஆண்டுகளுக்கு முன்பே சட்டத்தின் ஒப்புதலைப் பெற்றுவிட்ட ‘ஐயா’ என்னும் சொல், இன்னும் தமிழ்நாட்டு மன்றங்களின் வாயிற்படியில் தயங்கி நிற்பது ஏன்?

சென்னை உயர் முறைமன்றத்தில் நடுவராயிருந்த கே. சந்துரு அவர்கள், தம்மை ‘மை லார்டு’ என்று அழைக்க வேண்டா என்று 2009இல் வழக்கறிஞர்களைக் கேட்டுக்கொண்டார். தமக்கு முன்னே செங்கோலேந்தி ஒருவர் நடந்துவருவதையும் தவிர்த்தார். இராசத்தான் உயர் முறைமன்றத்து நடுவர் அனைவரும் கூடி 2019இல் அவ்விளிச் சொற்களை விலக்குமாறு முடிவெடுத்தனர். உச்ச முறைமன்றமும், மன்றத்தை மதிப்போடு அழைத்தால் போதும், ‘மை லார்டு’ என்பது கட்டாயமில்லை என்று 2014இல் சொல்லிவிட்டது. இருக்கையில் இருப்போர் வேண்டாவென்றாலும், நிற்போர் விடுவதாயில்லை! கட்டியவன் அவிழ்த்துவிட்ட பின்னும் கட்டுத்தறியைச் சுற்றிவரும் மாட்டுக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு?

ஆமாம் என்றால் இல்லை. இல்லை என்றால் ஆமாம்!

விளிச்சொல்லோடு இத்தீங்கு நின்றுவிட்டால் பொறுத்துக்கொள்ளலாம். கூண்டிலேறிய தமிழரின் நிலமும் மானமும் உயிரும் அயன்மொழியின் கையில் சிக்கியிருப்பதே பெருந்தீங்கு.

‘நீர் அன்று களத்துக்குப் போகவில்லை, அப்படித்தானே?’ என்று குறுக்கு வினா எழுகின்றது. ‘ஆமாம்’ என்கின்றார் உழவர். தமிழ் மரபில் இதன் பொருள், ‘நீர் சொல்வது சரி, நான் போகவில்லை’ என்பது. இந்த ஆமாம் ஆங்கிலத்தில் ‘எசு’ என்று பதிவானால், ‘போனேன்’ என்று படிப்பதற்கும் இடமாகிவிடுகின்றது. ஒரே சொல்லில் போகாதவர் போனவராகின்றார்! ஆங்கிலத்தில் பதிவு செய்யும் மன்றங்களில், இத்தகைய ஒரு சொல் ஒரு குடும்பத்தையே கவிழ்த்துவிடக் கூடும்.

உறவுப் பெயர்களை எடுத்துக்கொள்க. பெரியப்பன், சிற்றப்பன், மாமன், அத்தையின் கணவர் ஆகிய அனைவரும் ஆங்கிலத்தில் ‘அங்கிள்’. கொழுந்தன், மைத்துனன், சகலை மூவரும் ஒரே ‘பிரதர்-இன்-லா’. சொத்துரிமை வழக்கில், பெரியப்பன் மகனும் மாமன் மகனும் ஒன்றா? பங்காளிக்கு உள்ள உரிமை மாமன் மைத்துனனுக்கு உண்டா? ஏரி, குளம், கண்மாய், ஊருணி எல்லாம் ஒரு சொல்லில் அடங்கிவிடுமா? மடைக்கும் மதகுக்கும் கலிங்குக்கும் வேறுபாடு அறியாத ஒருவர் பாசன வழக்கில் எதைப் பதிவார்? தட்டினான், தள்ளினான், அறைந்தான், குத்தினான், வெட்டினான், வெட்ட ஓங்கினான் என்னும் ஒவ்வொரு சொல்லும் குற்றத்தின் அளவை மாற்றுவது. ‘வெட்ட ஓங்கினான்’ என்பது மொழிபெயர்ப்பில் ‘வெட்டினான்’ ஆகிவிட்டால், ஓங்கிய கைக்கு வெட்டிய கையின் ஒறுப்புக் கிடைக்குமன்றோ?

இன்னும் ஒன்றைக் கவனிக்க. சான்று சொல்பவரின் தோற்றத்தையும் நடந்துகொள்ளும் முறையையும் பற்றித் தமக்கு இன்றியமையாததெனத் தோன்றும் குறிப்பை நடுவர் எழுதிவைத்தல் வேண்டும் என்றது 1973ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறைச் சட்டத்தின் 280ஆம் பிரிவு. விளங்காத ஆங்கிலம் தலைக்கு மேலே பறக்கும்போது எளிய மாந்தன் விழிப்பான், திக்குவான், வழக்கறிஞரின் முகத்தையே நோக்குவான். மொழியறியாமையால் வந்த அத்திகைப்பு, பொய்யனின் தடுமாற்றமாக ஏட்டில் ஏறிவிடும் இடர் இல்லையா? முதலில் நாவைக் கட்டிவிட்டு, பிறகு ‘இவன் பேசத் தயங்கினான்’ என்று எழுதுவது எந்த ஊர் முறை?

அறிய வேண்டிய ஒழுக்கம்

ஆகலான், மன்றத்தில் நடந்துகொள்ள வேண்டிய முறையைத் தமிழர் ஒவ்வொருவரும் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். அது கூனும் முறையன்று, நிமிரும் முறை.

ஒன்று: குறித்த வேளைக்கு முன்னரே செல்க. தூய எளிய உடையுடன் செல்க. வேட்டியும் சேலையும் எந்த மன்றத்துக்கும் இழுக்கல்ல. நடுவர் வரும்போது எழுந்து நிற்றல் இருக்கைக்குச் செய்யும் மதிப்பு, அதனைச் செய்க. கைகூப்பி வணக்கம் சொல்க. தோள் துண்டு தோளிலேயே இருக்கட்டும்.

இரண்டு: உறுதிமொழியைத் தமிழில் சொல்க. திரைப்படத்தில் காட்டுவது போல் எந்த நூலின் மீதும் கைவைக்க வேண்டியதில்லை. கடவுளின் பெயராலும் சொல்லலாம். உளமார உறுதி கூறுவதாகவும் சொல்லலாம். 1969ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டுக்கும் இடந்தருகின்றது.

மூன்று: கேட்ட வினாவுக்கு மட்டும் விடை சொல்க. கதை வளர்க்க வேண்டா. சினம் கொள்ள வேண்டா. எதிர்த்தரப்பார் பேசும்போது இடையே குறுக்கிட வேண்டா. வினா விளங்கவில்லையாயின், ‘ஐயா, வினா விளங்கவில்லை, தமிழில் மறுபடி கேட்கச் சொல்லுங்கள்’ என்று நடுவரை நோக்கிச் சொல்க. தெரியாததைத் தெரியாது என்றே சொல்க. ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காது, ‘போகவில்லை’, ‘பார்த்தேன்’ என்று வினைமுற்றோடு முழுமையாகச் சொல்க. தமிழ் வினைமுற்று காலத்தையும் இடத்தையும் எண்ணையும் தன்னுள் அடக்கியது. அதைத் திரித்தல் எளிதன்று.

நான்கு: இழிவான வினாக்களைத் தடுக்கும் உரிமையும், புண்படுத்துவதற்கென்றே கேட்கும் வினாக்களைத் தடுக்கும் கடமையும் நடுவருக்கு உண்டு. 1872ஆம் ஆண்டின் சான்றுச் சட்டமே இதைச் சொல்லிற்று. அத்தகைய வினா எழுந்தால் தலைகுனிந்து கண்ணீர் வடிக்காமல், நடுவரின் பாதுகாப்பைக் கேட்க. சான்றுக் கூண்டில் நிற்கும் பெண்டிர் இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

ஐந்து: குற்ற வழக்கில், சான்றுரை முடிந்ததும் அதனைப் படித்துக் காட்டுதல் வேண்டும் என்பது சட்டம். சொன்ன மொழியொன்று, பதிந்த மொழி வேறொன்று என்றிருந்து, பதிந்த மொழி சான்று சொன்னவருக்கு விளங்காதாயின், அவருக்கு விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்லுதல் வேண்டும் என்பதும் சட்டம். குற்றஞ்சாட்டப்பெற்றவருக்கு விளங்காத மொழியில் பிறர் சான்று சொன்னால், அதனைத் திறந்த மன்றத்தில் அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லுதல் வேண்டும். இவை 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 278, 279ஆம் பிரிவுகள்; 2024 சூலை முதல் நாள் அச்சட்டத்தின் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் இவ்வுரிமைகள் தொடர்கின்றன. கையெழுத்திடுமுன், ‘படித்துக் காட்டுங்கள், ஐயா’ என்று கேட்பது மன்றத்தை இழிப்பதாகாது. விளங்காத தாளில் கைந்நாட்டு வைப்பதே மன்றத்துக்கும் தனக்கும் ஒருவன் செய்யும் இழிவு.

இவ்வைந்தையும் செய்பவரே மன்ற ஒழுக்கம் அறிந்தவர். குனிந்து நின்று, விளங்காமல் தலையாட்டி, விளங்காத தாளில் பெருவிரல் ஒற்றிவிட்டு வருபவர் பணிவுடையவர் அல்லர், பலியாகின்றவர்.

மன்றத்தில் மண்டிக்கிடக்கும் சொற்குப்பை

மொழி என்றதும், ‘கீழ்மன்றங்களில் தமிழ்தானே வழங்குகின்றது’ என்பார் உளர். எந்தத் தமிழ்? வாய்தா, வக்காலத்து, சாமீன், அமீனா, சிரசுதார், ஆசர் என அரபும் பாரசீகமும் ஓரடுக்கு. வாதி, பிரதிவாதி, பிராது, பிரமாணம், சாட்சி என வடமொழியும் பிறவும் ஓரடுக்கு. சம்மன், டிக்கிரி, அப்பீல், பெட்டிசன் என ஆங்கிலம் ஓரடுக்கு. இந்நாட்டை ஆண்டு சென்ற ஒவ்வோர் அரசும் தன் குப்பையைத் தமிழன் வழக்கு மன்றத்தில் கொட்டிவிட்டுப் போயிருக்கின்றது. தவணை என்றால் வழக்குத் தள்ளிப்போகாதா? பிணை என்றால் சிறைக்கதவு திறக்காதா? சான்று, உறுதிமொழி, அழைப்பாணை, மேன்முறையீடு, முறையீடு, வழக்குத் தொடுத்தவர், எதிர்வழக்காடுபவர் என்னும் சொற்கள் எந்தத் தமிழனுக்கு விளங்காதவை? பிணை, மேன்முறையீடு, அழைப்பாணை முதலியன செய்தித்தாள்களில் நாள்தோறும் வழங்கி நிலைபெற்றுவிட்டன. மக்கள் ஏற்றுக்கொண்ட சொற்களை மன்றம் ஏற்கத் தயங்குவது ஏன்?

இக்குப்பை போதாதென்று புதுக்குப்பை வந்துள்ளது. குற்றச் சட்டங்கள் மூன்றும் மாற்றப்பெற்று, பாரதிய நியாய சன்கிதா, பாரதிய நாகரிக் சுரட்சா சன்கிதா, பாரதிய சாட்சிய அதிநியம் என்னும் பெயர்களோடு 2024 சூலை முதல் நாள் நடப்புக்கு வந்தன. ஆங்கிலேயர் பெயரை நீக்குகின்றோம் என்று சொல்லி, வடமொழிப் பெயரை ஏற்றினர். சென்னையில் குற்றஞ்சாட்டப்பெறும் ஒரு தமிழன், தன்மேல் பாய்ந்த சட்டத்தின் பெயரையே வாயால் சொல்ல இயலாத நிலை! ஆங்கில விலங்கைக் கழற்றி வடமொழி விலங்கை மாட்டுவது விடுதலையாகுமா?

உயர்மன்றத்தின் பூட்டிய கதவு

கீழ்மன்றத்தின் நிலை இது. மேலே ஏறினால் கதவே பூட்டிக்கிடக்கின்றது. அரசியலமைப்புச் சட்டத்தின் 348ஆம் பிரிவு உச்ச முறைமன்றத்துக்கும் உயர் முறைமன்றங்களுக்கும் ஆங்கிலத்தை மொழியாக வைத்தது. ஆயினும், குடியரசுத் தலைவரின் முன் ஒப்புதலோடு ஆளுநர், மாநில ஆட்சிமொழியை உயர் முறைமன்ற நடவடிக்கைகளில் வழங்க இசையலாம் என்றும் அதே பிரிவு சொல்கின்றது. இவ்வழியாக இராசத்தான் 1950இலும், உத்தரப்பிரதேசம் 1969இலும், மத்தியப்பிரதேசம் 1971இலும், பீகார் 1972இலும் இந்தியை உயர் முறைமன்றத்தில் ஏற்றிக்கொண்டன.

தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006 திசம்பர் 6ஆம் நாள் தமிழுக்காகத் தீர்மானம் நிறைவேற்றிற்று. 2010 சூனில் மதுரையில் வழக்கறிஞர்கள் இதற்காக உண்ணாநோன்பு இருந்தனர். விளைவு என்ன? 2012இல் உச்ச முறைமன்ற நடுவர் கூடிய முழு அமர்வு இதனை ஏற்கவில்லை. மறுபடியும் கேட்டபோது 2016இலும் அதே மறுமொழி. வங்கத்துக்கும் கன்னடத்துக்கும் குசராத்திக்கும் அதே கதிதான். தலைமை நடுவரின் கருத்தைக் கேட்டல் வேண்டும் என்று 348ஆம் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. அது 1965இல் நடுவண் அமைச்சரவைக் குழு செய்த ஏற்பாடு. அவ்வேற்பாடு வந்த பின்னரும் மூன்று மாநிலங்களில் இந்தி நுழைய முடிந்தது. தமிழ் நுழைய முடியவில்லை. ஈதென்ன நடுவுநிலை?

2019இல் உச்ச முறைமன்றத் தீர்ப்புகளை நாட்டுமொழிகளில் வெளியிடத் தொடங்கியபோதும், முதற்பட்டியலில் தமிழ் இல்லை. தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்த பிறகே சேர்த்தனர். கேட்டால்தான் கிடைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

‘வெளிமாநில நடுவர்களுக்குத் தமிழ் தெரியாதே, சட்டச் சொற்கள் தமிழில் இல்லையே’ என்பார்க்கு இங்கிலாந்தின் வரலாறே விடை. ஆங்கிலேயரின் மன்றங்களில் ஒரு காலத்தில் பிரெஞ்சு மொழியே வழக்காடு மொழியாய் இருந்தது. அம்மொழி மக்களுக்கு விளங்கவில்லை என்று சொல்லியே, மூன்றாம் எட்வர்டு காலத்தில் 1362இல் ஆங்கிலத்தில் வழக்காடச் சட்டம் செய்தனர். மன்ற ஏடுகளில் எஞ்சி நின்ற இலத்தீனை 1733இல் விலக்கினர். அன்று ஆங்கிலத்தில் சட்டச் சொற்கள் நிறைந்தா இருந்தன? பிரெஞ்சிலிருந்தும் இலத்தீனிலிருந்தும் கடன்வாங்கி இன்றளவும் பேசுகின்றனர். ஆங்கிலேயன் தன் மன்றத்திலிருந்து அயன்மொழியைத் துரத்தினான். அவனுடைய மொழியைத் தன் மன்றத்தில் அரியணையேற்றி அவனைப் போலவே அங்கியும் அணிந்து நிற்கின்றான் தமிழன்!

குற்றம் எங்கே?

எல்லாக் குற்றத்தையும் தில்லியின் தலையில் ஏற்றிவிட்டுத் தூங்குதலும் தகாது. 1956ஆம் ஆண்டின் தமிழ் ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976இல் சேர்த்த பிரிவுகள், கீழ்மன்றங்களில் சான்றுரையும் தீர்ப்பும் தமிழில் அமைய வழிதிறந்துவிட்டன. அதன் பின்னரும், தமிழ் நடுவர் முன்னே, தமிழ் வழக்கறிஞர், தமிழ்க் கட்சிக்காரருக்காக ஆங்கிலத்தில் வாதிடுவதைத் தில்லியா கற்றுக்கொடுத்தது? ‘எங்கள் வக்கீல் இங்கிலீசில் பொரிந்து தள்ளினார்’ என்று தோற்ற வழக்குக்கும் பெருமை பேசும் மக்களைத் தில்லியா வளர்த்தது?

மயிலாடுதுறை மாயூரம் என்று வழங்கிய காலத்தில் அங்கே மாவட்ட முன்சீப்பாக இருந்தவர் வேதநாயகம் பிள்ளை. மேன்மன்றத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்துச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் நூலாக 1862இல் வெளியிட்டார். தமிழ்நாட்டு மன்றங்களில் ஆங்கிலத்தில் வழக்காடும் பேதைமையை, 1879இல் வெளிவந்த தம் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் கடுமையாகக் கண்டித்தும் எழுதினார். வெள்ளையன் ஆட்சியில், வெள்ளையன் ஊதியம் வாங்கிய ஒரு நடுவருக்கு இருந்த நெஞ்சுரம், விடுதலை நாட்டின் வழக்கறிஞர்க்கு இல்லாமற் போயிற்றே!

சென்னை உயர் முறைமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனின் சிலை நிற்கின்றது. கன்றை இழந்த ஆ ஒன்று ஆராய்ச்சி மணியை அசைத்ததும் இறங்கி வந்து முறைசெய்த வேந்தன் அவன். வாயில்லா ஆவின் துயரும் அந்த அரண்மனைக்கு விளங்கிற்று. அச்சிலைக்குப் பின்னால் உள்ள மன்றத்திலோ, வாயுள்ள தமிழன் தன் வாய்மொழியில் முறையிட்டால் விளங்குவதில்லை! சிலையை அகற்றிவிடுக, அல்லது அவன் மொழியை உள்ளே விடுக.

தமிழ் வழக்கறிஞர் நாளையே தம் கீழ்மன்றத்தில் ‘ஐயா’ என்று தொடங்கித் தமிழில் வாதிடட்டும். கட்சிக்காரர் தம் வழக்கின் ஒவ்வொரு தாளையும் தமிழில் கேட்டு வாங்கட்டும். தமிழாசிரியர் வழக்குரை காதையை மதிப்பெண்ணுக்கு மட்டுமன்றி வாழ்க்கைக்கும் கற்பிக்கட்டும். கூண்டிலேறும் தமிழர் தோளில் துண்டும், நாவில் தமிழும், நெஞ்சில் உண்மையும் கொண்டு நிற்கட்டும். அவ்வாறு ஆயிரம் பேர் கீழே நிமிர்ந்து நின்றால், மேலே பூட்டிய கதவும் ஒருநாள் திறந்தே தீரும்.

உண்மைக்கு வளைந்த முதுகு தேவையில்லை. தமிழுக்கும் தேவையில்லை!